மனையினுள் மறைந்த பாம்பு

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது முதுமொழி. அந்நடுக்கத்துக்கு நஞ்சு மட்டுமே காரணமன்று. கண்ணுக்குப் புலப்படாது மறைந்து கிடக்கும் அதன் இயல்பும் காரணமாகும். எதிரே கிடக்கும் பாம்புக்கு விலகி நடக்கலாம். எங்கேயோ கிடக்கும் பாம்புக்கு எங்ஙனம் விலகுவது? பாம்பொன்று வீட்டினுள் மறைந்ததென்றால் அன்றிரவு அவ்வீட்டார் எவர்க்கும் உறக்கமில்லை.

எம் நாட்டிலே பாம்பு வெளியிலிருந்து வீட்டினுட் புகுகின்றது. மேனாடுகளிலோ வீட்டிலே பேணி வளர்க்கப்படும் பாம்பு தன் பெட்டியினின்றும் நழுவி வீட்டினுள்ளேயே மறைந்து விடுவதுண்டு. நாயும் பூனையும் வளர்ப்பதுபோல அங்கே பாம்பு வளர்ப்போர் பலர். இக்கல்லூரியிற் பயின்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் குடியமர்ந்தோர்க்கு இஃது அயலார் வீட்டுச் செய்தியேனும் ஆகும். அங்கே பாம்பைத் தேடுவோர் கைக்கொள்ளும் முறைகள், பாம்பின் இயல்பை ஆராய்ந்தறிந்த அறிவின்பாற்பட்டவை. அவ்வறிவு எமக்கும் பயன்படுமாதலின் அதனை ஈண்டு எடுத்துரைக்கத் துணிந்தோம்.

அங்கு மிகுதியாக வளர்க்கப்படுவன இரண்டு. ஒன்று அமெரிக்காவின் தென்கீழ்ப் பகுதிக்குரிய சோளப் பாம்பு. மற்றையது ஆபிரிக்காவின் மேற்கிலும் நடுவிலும் வாழும் பந்து மலைப்பாம்பு. பின்னையது, அச்சமுற்றால் தலையை உள்ளே மறைத்துப் பந்துபோலச் சுருளுதலின் அப்பெயர் பெற்றது. இரண்டும் நஞ்சில்லாதவை; பெரும்பாலும் 3 முதல் 5 அடி வரை வளர்வன. கண்ணாடிப் பெட்டியொன்றில் ஒருபுறம் சூடும் மறுபுறம் குளிர்ச்சியும் அமையுமாறு செய்து அவற்றைப் பேணுவர். மூடி சிறிது தளர்ந்திருப்பினும் போதும். பாம்பு இரவு முழுவதும் மூக்கினால் உந்தி உந்தி வழி கண்டுவிடும். அதற்கு மார்பெலும்பு இல்லை. விலாவெலும்புகளின் கீழ்முனைகள் ஒன்றோடொன்று பிணைக்கப்படாதவை. ஆதலின் தலை நுழையும் துளையில் உடலும் பெரும்பாலும் நுழைந்துவிடும்.

இனி, வெளிப்பட்ட பாம்பு எதனை நாடும்? அது வெகுதூரம் ஓடிப்போக எண்ணுவதில்லை. தன் உடலுக்கு வேண்டிய வெப்பத்தைத் தானே உண்டாக்க இயலாத உயிர் ஆதலின் முதற்கண் இளஞ்சூட்டை நாடும். அடுத்து இருளை நாடும். மூன்றாவதாக, முதுகும் விலாவும் சுவரிற் பொருந்துமாறு உடலைச் செறித்துக் கிடக்கத்தக்க ஒடுக்கமான இடத்தை நாடும். நான்காவது, ஆரவாரமின்மை. பாம்புக்குக் கட்செவி எனப் பெயரிட்டனர் எம் முன்னோர். புறச்செவி காணப்படாமையின் கண்ணே செவியாகும் எனக் கருதினர் போலும். உண்மையில் அதற்கு உட்செவி உண்டு. தரையின் அதிர்வு தாடையெலும்பு வழியாக அச்செவியை எட்டுகின்றது. எனவே வீட்டார் கூடிக் கூச்சலிட்டுத் தளபாடங்களை இழுத்துப் புரட்டுந்தோறும் பாம்பு மேலும் உள்ளே ஒடுங்குமேயன்றி வெளிவராது.

இவ்வுண்மையை உலகுக்கு நன்கு காட்டியதொரு நிகழ்ச்சி 2011ஆம் ஆண்டு நியூயோர்க் நகரிலே நிகழ்ந்தது. அங்குள்ள பிரொங்ஸ் விலங்குக் காட்சிச்சாலையில், ஊர்வன இல்லத்திலிருந்த எகிப்திய நாகமொன்று மார்ச் மாதப் பிற்பகுதியில் தன் அடைப்பினின்றும் காணாமற்போயிற்று. இளம்பாம்பு, கொடிய நஞ்சுடையது. நகரெங்கும் பரபரப்பு. ஆயின், காட்சிச்சாலையார் சுவரை இடிக்கவில்லை. பாம்பு அக்கட்டடத்தை விட்டு நீங்கியிராது என்று துணிந்து, இல்லத்தை மூடி, மக்களை விலக்கி, அமைதியை நிலைநாட்டினர். புதிய இடத்தில் அஞ்சி ஒடுங்கிய பாம்பு, அச்சந் தெளிந்தபின் வெளிவரும் என்பது அவர்தம் கணிப்பு. ஏறத்தாழ ஒரு வாரத்தின்பின், மார்ச் 31ஆந் திகதி, அவ்வில்லத்தினுள்ளேயே இருண்ட மூலையொன்றிற் பாம்பு அகப்பட்டது. நகரமெங்கும் தேடினும் காணவியலாததைப் பொறுமை ஒரு கட்டடத்தினுட் கண்டது.

வீட்டிலே தேடும் முறையும் இதுவே. முதலில் யன்னல்களையும் வாயில்களையும் அடைத்தல் வேண்டும். கதவின் கீழிடைவெளியைத் துணியினால் இறுகச் செறித்தல் வேண்டும். நீர்க்குழாய்த் துளைகளை மூடுதல் வேண்டும். நாயையும் பூனையையும் அப்புறப்படுத்தல் வேண்டும். பின்னர் பெட்டியிருந்த அறையிலேயே தேடத் தொடங்குக. பாம்பு பெரும்பாலும் சுவரோரம் பற்றியே ஊரும். ஆதலின் ஒரு மூலையிற் றொடங்கிச் சுவர்வழியே சுற்றி வருதல் நன்று. அலுமாரியின் பின்புறம், லாச்சிகளின் அடி, நூல்வரிசைக்குப் பின்னுள்ள வெளி, கதிரை மெத்தையின் உட்புறம், சப்பாத்தின் உள், குளிர்ச்சாதனப் பெட்டியின் பின்னே சூடுவிடும் இயந்திரத்தின் அருகு ஆகியன தவறாது நோக்கற்குரியன. சோளப் பாம்பு ஏறுதலில் வல்லதாதலின் திரைச்சீலையின் மேல்மடிப்பையும் பார்த்தல் வேண்டும். கதிரையையோ மெத்தையையோ திடீரெனத் தள்ளுதல் கூடாது. உள்ளே கிடக்கும் உயிர் நசுங்கிவிடும்.

பகலிற் காணப்படாததை இரவிற் காண்டல் கூடும். இவை மாலையிலும் இரவிலும் நடமாடுவன. விளக்கணைத்து, ஓசையடங்கியபின், டோர்ச் விளக்குடன் ஒருவர் மட்டும் மெல்லச் சென்று பார்ப்பது வழக்கம். வாயிற்படிகளிலே கோதுமை மாவை மெல்லிதாகத் தூவி வைப்பர். காலையில் அதன்மேற் காணும் ஊர்ந்த தடம், எவ்வறையினின்றும் எவ்வறைக்குப் போயிற்று என்பதைக் காட்டும். சரசரக்கும் பொலித்தீன் பைகளைச் சுவரோரமாக விரித்துவைத்துச் செவிகொடுத்திருப்போரும் உளர். இவற்றினும் சிறந்தது, பாம்பு விரும்புவதை அமைத்துக் கொடுத்தல்: சிறு வாயிலுடைய இருண்ட பெட்டியொன்றின் அடியில் இளஞ்சூடு அமைத்து, அருகே நீர்க்கலம் வைத்தால், பாம்பு தானே வந்து அதனுட் சுருண்டு கிடத்தல் கூடும். நாட்கள் சிலவாயினவென்று நம்பிக்கை இழத்தல் வேண்டா. வளர்ந்த பந்து மலைப்பாம்பு உணவின்றியே மாதக்கணக்கில் உயிர்வாழ வல்லது.

தேடாது விட்டால் வருங் கேடு சிறிதன்று. எம் நாட்டு மலைப்பாம்புக்கு நெருங்கிய உறவினதாகிய பர்மிய மலைப்பாம்பு, வளர்ப்புப் பிராணியாக அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. தப்பியனவும் வளர்க்க மாட்டாதார் கைவிட்டனவும் புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்திற் பெருகி, ஆங்குள்ள சிறுவிலங்குகளை அழித்தன. 2012ஆம் ஆண்டில் அந்நாட்டரசு அப்பாம்பின் இறக்குமதியைத் தடை செய்தது. தளர்ந்த மூடியொன்றினாலும் ஒரு நிலத்தின் உயிர்வளம் குன்றும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

எனினும், மேலே கூறிய தேடல்முறை நஞ்சற்றதென நன்கறிந்த பாம்புக்கே பொருந்தும் என்பதை மாணாக்கர் மறத்தலாகாது. எம் வீட்டினுள் மறையும் பாம்பு யாதென எவரறிவார்? நஞ்சற்ற ஓநாய்ப் பாம்பும் கொடிய கட்டுவிரியனும் உடலில் வெண்பட்டைகள் உடையனவாய்க் கற்றோரையும் மயக்கும். கட்டுவிரியன் இரவிலே உலாவி, தரையிற் பாய் விரித்துத் துயில்வோரைக் கடிப்பது. கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் மிகச் சிறிதாகவே இருத்தல் கூடும். பல்லின் தடமும் தோன்றாதிருத்தல் கூடும். பின்னர் வயிற்றுவலி எழும், இமைகள் தாழும், முடிவில் மூச்சுத் தசைகளும் சோரும். உறங்கப் போன பிள்ளை காலையில் வயிற்றுவலி என்று எழுந்து, கண்ணிமை தாழக் காணின், அது பாம்புக்கடியோவென ஐயுறுதல் பெற்றோர் கடன்.

ஆகவே எம் வீட்டிலே பாம்பைக் கண்டால் எட்ட நின்று கண்ணைப் பறிகொடாது நோக்குக. பிள்ளைகளை அகற்றுக. உள்வாயில்களை அடைத்துப் புறவாயிலைத் திறந்து, அது போக வழிவிடுக. மறைந்துவிடின், கையினாற் றுழாவுதல் வேண்டா. பயிற்சியுடையாரை அழைத்தலே தக்கது. அன்றிரவு கட்டிலிற் படுத்து, நுளம்பு வலையின் ஓரங்களை மெத்தையின்கீழ்ச் செருகுக. உள்ளி தெளித்தலும் மண்ணெண்ணெய் ஊற்றுதலும் நம்பத்தக்க காப்பாகா. எலியை ஒழித்தலும், வீட்டோரத்து விறகுக் குவியலை அகற்றுதலும், சுவர்த்துளைகளை அடைத்தலுமே நிலைத்த காப்பாம்.

கடியுண்டார்க்கு வெட்டுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல், விடக்கல் வைத்தல் ஆகிய எதுவும் ஆகாது. கடியுண்ட உறுப்பை அசையாது வைத்து, உடனே அரசினர் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் முறிக்கும் மருந்து உண்டு. காலந் தாழ்த்தலே அம்மருந்தின் பகை. உலக சுகாதார நிறுவனம் 2017ஆம் ஆண்டில் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களுள் ஒன்றாகச் சேர்த்ததும் இவ்விடரின் பெருமையை உணர்ந்தேயாம்.

நாகத்தைத் தெய்வமாகப் போற்றும் மரபில் வந்தோம் யாம்; அதனைக் கண்டவிடத்துப் பொல்லெடுத்து அடிப்போரும் யாமே. போற்றுதற்கும் அடித்தற்கும் இடையே அறிதல் என்றொரு நெறி உண்டு. அது பாம்பையும் காக்கும். எம் பிள்ளைகளையும் காக்கும். கல்லூரி எமக்குக் கற்பித்தது அந்நெறியேயன்றோ?