புள்ளி எங்கே போனது?

உடைந்த தமிழ் மின்னஞ்சலை எட்ட நின்றே அடையாளம் கண்டுவிடலாம். தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் அடைபட்ட 'ஆர்', அடுத்து ஏதோ ஒரு குறி. மறுபடி அதே ஏ, அதே ஆர். பக்கம் முழுக்க இதே அணிவகுப்பு. பிரெஞ்சுக் கடிதத்தில் ஆங்காங்கே ஓர் எழுத்து மட்டும் கெடும். தமிழில் ஒன்றுகூடத் தப்பாது.

யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. எந்த எழுத்து என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் மூன்றாவதுதான். மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்காகப் போட்ட விண்டோஸ்-1252 அட்டவணையில் 224 என்பது சாய்கோட்டு ஏ, 174 என்பது வட்ட ஆர். கடிதத்தின் எண்கள் அப்படியே இருக்கின்றன. படிக்கிறவர் எடுத்த அட்டவணைதான் வேறு. அதன்படி 'தீ' என்று எழுதினால் கடைசியில் யூரோ நாணயக் குறி வந்து நிற்கும்!

இந்தக் குழப்பத்தின் வேர் 1982இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி என்ற அஞ்சல் விதிமுறை, ஆஸ்கியின் 128 குறிகளை மட்டுமே மனதில் வைத்தது. அதற்கு 7 பிட் போதும். எட்டாவது பிட் வேலையற்றது என்று பல சர்வர்கள் அதை அழித்துவிட்டே அஞ்சலை அனுப்பின. அழித்தால் எண்ணில் 128 குறையும். ரஷ்யர்களின் கோய்-8 முறையில் இதற்கு ஒரு தந்திரம் உண்டு. எட்டாவது பிட் போனாலும் ரஷ்ய எழுத்துகள் அதே ஒலியுள்ள ரோமன் எழுத்துகளாக மாறும். தட்டுத் தடுமாறிப் படித்துவிடலாம். தமிழுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மெய்யெழுத்தின் புள்ளியைப் பாருங்கள்: அதன் மூன்றாவது பைட் 141. அதில் 128 போனால் 13. ஆஸ்கியில் 13 எழுத்தே அல்ல, 'வரியின் தொடக்கத்துக்குத் திரும்பு' என்ற கட்டளை.

1992இல் நத்தானியல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் மைம் முறையைக் கொண்டுவந்தார்கள். 3 பைட்டை 4 ஆஸ்கி எழுத்தாக மாற்றிப் பத்திரமாக அனுப்பலாம். உள்ளே இருப்பது எந்த என்கோடிங் என்று தலைப்பகுதியில் எழுதியும் வைக்கலாம். 'பொருள்' வரிக்குத் தனி விதி: ஒரு துண்டு 75 எழுத்தைத் தாண்டக் கூடாது. முன்னும் பின்னும் வரும் அடையாளங்கள் போக, தமிழில் 15 குறிகள் அடங்கும். அதாவது 45 பைட். இங்கேதான் சோம்பேறி நிரல் மாட்டிக்கொள்கிறது. எழுத்தைப் பார்க்காமல் 45 பைட்டுக்கு ஒரு வெட்டு என்று வைத்துக்கொண்டால், இடைவெளி இல்லாத தமிழில் தப்பிவிடும். ஆனால் இடைவெளி 1 பைட். அது ஒன்று வந்ததும் கணக்கு பிசகி, வெட்டு ஓர் எழுத்தின் நடுவே விழுகிறது. நீளமான தலைப்பில் மட்டும் நடுவில் கேள்விக்குறிகள் முளைப்பது இதனால்தான்.

கெட்டதைச் சரிசெய்ய முடியுமா? அட்டவணை மட்டும் தவறு என்றால் சுலபம். அந்தத் தவறான வாசிப்பையே நிஜம் என்று நம்பி ஒரு நிரல் மீண்டும் யுடிஎஃப்-8 ஆக மாற்றிவிட்டால்தான் சிக்கல். 3 பைட் 6, 7 ஆக வீங்கும். திரும்பி வரலாம் என்றாலும் வழியில் ஐந்து குழிகள். விண்டோஸ்-1252இல் 129, 141, 143, 144, 157 ஆகிய எண்களுக்கு எழுத்தே ஒதுக்கவில்லை. கண்டிப்பான நிரல் அவற்றைக் கேள்விக்குறியாக்கிவிடும். நம் புள்ளி 141. உகரக் குறி 129. ஏ 143, ஐ 144. மீட்ட கடிதத்தில் மற்றவை நிற்க, இவை மட்டும் காணாமல் போயிருக்கும். 'பத்து' என்பதில் விழுந்த இரண்டு இடங்களில் எது புள்ளி, எது உகரம்? எண்கள் சொல்லாது. தமிழ் தெரிந்தவர்தான் உட்கார்ந்து நிரப்ப வேண்டும்.

ஆகவே சர்வரைப் பராமரிப்பவர் திரையில் தெரிவதை நம்பாமல், அஞ்சலின் மூல வடிவத்தைத் திறந்து எண்களையும் தலைப்பகுதியையும் ஒப்பிட வேண்டும். என் அனுபவத்தில் குற்றவாளி பெரும்பாலும் நடுவில் இருக்கும் சர்வர் அல்ல. அஞ்சல் அனுப்பும் படிவ நிரல், அல்லது ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் சட்ட எச்சரிக்கையை வேறு என்கோடிங்கில் ஒட்டும் வடிகட்டி. வழியில் சர்வரே 'உதவியாக' மாற்றப் போனால் இன்னொரு வில்லங்கமும் வரும்: அஞ்சலின் உடலில் ஒரு பைட் மாறினாலும், அது வழியில் மாறவில்லை என்பதற்குச் சான்றான டிகேஐஎம் கையொப்பம் செல்லாமல் போகலாம். மாற்றுவதென்றால் கையொப்பம் இடுவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.

முகவரியையே தமிழில் எழுத வழிசெய்யும் எஸ்எம்டிபி-யுடிஎஃப்-8 விதிமுறை 2012இல் வந்தது. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் சர்வர் நிரல் 2015இல் தன் 3.0 பதிப்பில் அதை ஏற்றது. எதிர்முனை சர்வருக்கு அது தெரியாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் முகவரியைச் சிதைத்து அனுப்புவதில்லை. அனுப்பியவருக்கே அஞ்சலைத் திருப்பிவிடுகிறது. எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அஞ்சல் போய்ச் சேரவில்லை என்றாவது அவருக்குத் தெரிகிறதே.