அழைப்பு வராத பத்தாவது ஆட்டம்

அமெரிக்கக் கால்பந்து என்பது, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்க்கும் விளையாட்டாகும். காலால் உதைத்து ஆடப்படும் கால்பந்தோடு அதற்குப் பெயரளவிலேயே உறவு. செப்டம்பரில் தொடங்கி நவம்பர் இறுதியில் முடியும் அதன் கல்லூரிப் பருவத்துக்கு, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதிப் போட்டி இருக்கவில்லை. சிறப்பாக ஆடிய அணிகளை மயாமி, நியூ ஆர்லியன்ஸ் போன்ற நகரங்களின் விழாக் குழுக்கள் தாமே தேர்ந்து, புத்தாண்டையொட்டி நடக்கும் 'பவுல்' ஆட்டங்களுக்கு அழைத்தன. ஆகவே, பருவத்தின் வெற்றி தோல்விகளைப் புள்ளிகள் முடிவு செய்தாலும், அதற்குப் பிந்தைய மிகப் பெரிய ஆட்டத்தில் யார் ஆடுவது என்பதைச் சில மனிதர்களின் விருப்பு வெறுப்பே முடிவு செய்தது. அந்த இடைவெளியில் நிறவெறி எப்படி நுழைந்தது என்பதைச் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அணியின் 1951ஆம் ஆண்டுப் பருவம் காட்டுகிறது.

1855இல் இயேசு சபையினர் நிறுவிய அந்தப் பல்கலைக்கழகம் சிறியது. கால்பந்தில் பெரிய பெயரும் அதற்கு இல்லை. ஆயினும் ஜோ குஹாரிக் பயிற்றுவித்த அந்த அணி, ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் வென்றது. பந்தை ஏந்தி ஓடுவதில் ஆலி மேட்சன் அந்தப் பருவத்தில் 1,566 கஜம் கடந்து நாட்டிலேயே முதலிடம் பெற்றார். தடுப்பாட்டத்தில் பர்ல் டோலர் எதிரணியின் ஓட்டக்காரர்களை மடக்கினார். இருவரும் கறுப்பினத்தவர், அணியின் மற்ற வீரர்கள் வெள்ளையர்கள்.

மேட்சனின் திறமையை அறிய, நியூயார்க்கில் ஃபோர்டம் பல்கலைக்கழகத்துக்கு எதிராக நடந்த ஆட்டம் ஒன்றே போதும். ஓர் அணி புள்ளி ஈட்டியதும் பந்தை எதிரணியை நோக்கி நெடுந்தூரம் உதைத்துவிட வேண்டும். அதைத் தன் எல்லைக்கோட்டின் அருகே பிடிப்பவர், எதிரே ஓடிவரும் பதினொரு பேரையும் கடந்து முன்னேற முயல்வார். வழக்கமாக இருபது, முப்பது கஜத்துக்குள் அவர் வீழ்த்தப்பட்டுவிடுவார். 100 கஜ நீளமுள்ள அந்தக் களத்தில் மேட்சன் ஒருமுறை 94 கஜமும் மறுமுறை 90 கஜமும் ஓடி, இருமுறையும் எதிரணியின் எல்லையைத் தொட்டார். சான் பிரான்சிஸ்கோ அணி 32–26 என்ற கணக்கில் வென்றது.

இறுதி ஆட்டத்தில் லயோலா அணியை வென்றபின், பவுல் அழைப்புக்காக அணி காத்திருந்தது. தென் மாநிலங்களில் பள்ளி, பேருந்து, உணவகம் என எல்லாவற்றிலும் கறுப்பினத்தவரைப் பிரித்துவைத்த சட்டங்கள் நடப்பிலிருந்த காலம் அது. தென்னகத்தில் ஆடவரும் வடக்கு, மேற்கு அணிகள் தங்கள் கறுப்பின வீரர்களை ஊரிலேயே விட்டுவர வேண்டும் என்பது எழுதப்படாத வழக்கமாக இருந்தது. மேட்சனையும் டோலரையும் விட்டுவிட்டு வந்தால் அழைப்பு உண்டு என்ற செய்தி வந்ததாகவும், அணியினர் அதை ஒருமனதாக மறுத்ததாகவும் வீரர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்தனர். அணி எதிர்கொண்ட போட்டிகள் வலுவற்றவை என்ற காரணமும் அந்நாளில் கூறப்பட்டது. எழுதப்படாத விலக்கின் வசதியே இதுதான். நிறத்தைச் சொல்லாமலே ஓர் அணியைத் தள்ளிவைக்க அதனால் முடிந்தது.

விலக்குக்கு மாற்றே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 1948ஆம் ஆண்டிலேயே டல்லாஸில் நடந்த காட்டன் பவுல் ஆட்டத்தில் பென் ஸ்டேட் அணி தன் இரு கறுப்பின வீரர்களுடன் ஆடியிருந்தது. தென்னக மண்ணிலேயே முன்னுதாரணம் இருந்த நிலையில், 1951இல் அழைப்பு வராமல் போனது குழுக்கள் அறிந்தே செய்த தேர்வாகும்.

மறுப்புக்குரிய விலையை வீரர்களோடு பல்கலைக்கழகமும் கொடுத்தது. நஷ்டத்தில் நடந்துவந்த கால்பந்துப் பிரிவைப் பவுல் வருமானம் ஓரளவு தாங்கியிருக்கும். அதுவும் இல்லாமற்போகவே, பருவம் முடிந்த சில வாரங்களில் அந்தப் பிரிவு மூடப்பட்டது. ஆனால் வீரர்களின் ஆட்டம் அத்துடன் நிற்கவில்லை. அணியில் ஒன்பது பேர் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் இடம்பெற்றனர், மேட்சன், ஜினோ மார்க்கெட்டி, பாப் செயின்ட் கிளேர் ஆகிய மூவர் தொழில்முறைக் கால்பந்தின் புகழ்க்கூடத்தில் சேர்க்கப்பட்டனர். மேட்சன் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலமும் தொடரோட்டத்தில் வெள்ளியும் வென்றார். அணியின் செய்தித் தொடர்பைக் கவனித்த இளைஞர் பீட் ரோசெல், 1960இல் என்.எஃப்.எல்.லின் ஆணையரானார்.

1952ஆம் ஆண்டுக் கோடையில் முழங்காலில் பட்ட காயத்தால் டோலரால் தொழில்முறை வீரராக முடியவில்லை. ஆசிரியப் பணிக்குச் சென்று பள்ளித் தலைமையாசிரியராக உயர்ந்த அவர், 1965இல் என்.எஃப்.எல்.லின் முதல் கறுப்பின நடுவராகக் களமிறங்கினார். ஒருகாலத்தில் களத்துக்குள் வரக்கூடாது என்று விலக்கப்பட்டவர், விதிமீறலைக் கண்டு ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரத்தோடு அங்கே நின்றார். ஆனால் கல்லூரி ஆட்டங்களில் எழுதப்படாத அந்த வழக்கம் உடனே ஒழிந்துவிடவில்லை. நியூ ஆர்லியன்ஸின் சுகர் பவுல் ஆட்டத்தில் கறுப்பின வீரர் ஒருவர் முதன்முதலாக ஆடிய 1956ஆம் ஆண்டையும், அதைத் தடுக்க ஜார்ஜியா மாநில ஆளுநர் முனைந்ததையும் அடுத்த பகுதி ஆராயும்.

(தொடரும்)