கடப்பது அயனா, இலத்திரனா?

பீங்கான் மின்னைக் கடத்தாது என்றே நாம் அறிந்து வைத்திருக்கிறோம். மின்கம்பங்களில் பீங்கான் காவலிகள் பொருத்தப்படுவதும் அதனாலேயே. ஆயினும், சிர்கோனியம் ஒட்சைட்டுடன் இட்ரியம் ஒட்சைட்டைக் கலந்து ஆக்கிய பீங்கான் சூடேறியதும் மின்னைக் கடத்தும் என்பதை ஜேர்மனிய விஞ்ஞானி வால்டர் நேர்ன்ஸ்ட் 1897 இல் பயன்படுத்தி, விளக்கொன்றையே உருவாக்கினார்.

இங்கு மின்னேற்றத்தைச் சுமந்து செல்பவை, உலோகக் கம்பியிற் போன்று இலத்திரன்கள் அல்ல, ஒட்சிசன் அயன்களே. இரண்டு சிர்கோனியம் அயன்களின் இடத்தை இரண்டு இட்ரியம் அயன்கள் பிடிக்கும்போது ஓர் ஒட்சிசனின் இடம் வெற்றிடமாகிறது. அயலிலுள்ள அயன் அவ்வெற்றிடத்திற்குத் தாவுகிறது. இத்தாவலுக்கு வெப்பம் தேவை.

எரிபொருளைக் கொளுத்தாமலே மின்னைப் பெறும் திண்ம ஒட்சைட்டு எரிபொருட் கலங்கள் இப்பண்பிலேயே தங்கியுள்ளன. 1000 பாகை செல்சியசில் நன்கு கடத்தும் இப்பீங்கான், 600 பாகையில் பன்மடங்கு குறைவாகவே கடத்துகிறது. உயர் வெப்பமோ ஏனைய பாகங்களை விரைவில் பழுதாக்கி, செலவையும் கூட்டுகிறது.

இதற்கான பரிகாரங்களில் ஒன்றே மெல்லிய படலம். 150 மைக்ரோமீற்றர் தடிப்பை 10 ஆகக் குறைத்தால் தடை பதினைந்தில் ஒரு பங்காகிறது. பொருளின் கடத்துதிறன் மாறவில்லை. அயன் கடக்கும் தூரமே குறைந்தது.

2008 இல் மட்ரிட் ஆய்வாளர்கள் தலைமையிலான குழுவொன்று இதனையும் விஞ்சிய செய்தியை வெளியிட்டது. ஸ்ட்ரொன்சியம் டைட்டனேற்று அடுக்குகளுக்கிடையே வைக்கப்பட்ட 1 நனோமீற்றர் படலத்தில், அறை வெப்பநிலைக்கு அண்மையில், கடத்துதிறன் பத்துக்கோடி மடங்கு வரை உயர்ந்ததாக 'சயன்ஸ்' இதழில் அது அறிவித்தது. அடுத்த ஆண்டே அவ்விதழில் மறுப்பும் வெளியானது. அங்கு மின்னைச் சுமந்தவை ஒட்சிசன் அயன்கள் அல்ல, அயல் அடுக்கின் இலத்திரன்களாக இருக்கலாம் என்பதே அதன் வாதம்.

இது வெறும் ஏட்டுத் தகராறன்று. படலத்தினூடாக அயன் சென்றால் கலம் மின்தரும்; இலத்திரன் சென்றால் அது கசிவாகிப் பயன்தர வேண்டிய மின் வீணாகும். மின்னோட்டமானியோ இரண்டையும் வேறுபடுத்திக் காட்டாது.

சிர்கோனியத்தைத் தரும் சிர்கோன் எமது புல்மோட்டைக் கனிய மணலிலும் உண்டு என்பதால், இவ்விடயம் எமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. மலிவான மின்னை வேண்டி நிற்கும் நாம் இத்தகைய அறிவிப்புகளை வரவேற்கவே வேண்டும். ஆனால் எத்தனை மடங்கு என்று வியக்கும் முன், அளக்கப்பட்டது எது என்று வினவுவதே எமக்கு நன்மை பயக்கும்.