மெத்தைத் தளம் ஒழுகாதிருக்கும் வகை

திண்டுக்கல் மலைக்கோட்டையின் மீதேறி நின்று கீழே நோக்குவோமாயின், நகரமெங்கும் மட்டமான மெத்தைகளே மிகுதியாய் நம் கண்ணுக்குப் புலப்படும். ஓட்டுக் கூரையின்மேல் விழும் மழை அக்கணமே வழிந்தோடிவிடும். மெத்தையின்மேல் விழுவதோ போக வழி தேடித் தயங்கி நிற்கும். ஐப்பசி கார்த்திகையில் வீட்டினுள் அங்கங்கே பாத்திரங்களை வைத்து ஒழுக்கு நீரை ஏந்துவது நம்மிற் பலருக்கும் பழக்கமானதே. இதனைச் சிறு தொல்லை என எண்ணிவிடலாகாது. கான்கிரீட்டினுள் இறங்கும் நீர் அதன் கம்பிகளைத் துருப்பிடிக்கச் செய்கின்றது. துருவானது இரும்பினும் மிகுந்த இடங் கொள்வதாதலின், காரையைப் பிளந்து தள்ளும். ஒரு நாள் உறங்குவோர்மேல் அது பெயர்ந்து விழுதலுங் கூடும்.

நீர் எவ்வாறு உட்புகுகின்றது? தளத்தின் கனக்குறைவே காரணமெனக் கருதி, மேலும் மேலும் சிமெண்டுச் சாந்து பூசுவார் பலர். அது பெரும்பாலும் வீண் செலவேயாம். கான்கிரீட் ஒரு பாகை வெப்பம் ஏறினால் தன் நீளத்தில் ஏறக்குறைய 1,00,000-இல் ஒரு பங்கு நீளும். 10 மீட்டர் நீளமுள்ள தளத்தில் விடியலுக்கும் உச்சிப் பொழுதுக்கும் 30 பாகை வேறுபாடு உண்டாயின், அது பகலில் 3 மில்லிமீட்டர் நீண்டு, இரவில் மீளச் சுருங்கும். நமது சமவெளியின் வெயிலில் இவ்வசைவு நாள்தோறும் நிகழ்கின்றது. வளையாத மெல்லிய பூச்சு இதனைத் தாங்காது வெடிக்கின்றது.

நம் முன்னோர் இதற்குக் கண்ட வழி சுண்ணாம்புத் தளமாகும். இரண்டரைப் பங்கு செங்கற் சல்லிக்கு ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்பு சேர்த்து, மூன்றங்குல கனமாகப் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துக்கொண்டே பெண்கள் வரிசையாய் அமர்ந்து மரக்கட்டைகளால் நாட்கணக்கில் தட்டுவர். கட்டை துள்ளியெழும் அளவுக்குத் தளம் இறுகிய பின்னரே நிறுத்துவர். அதன்மேல் தட்டோடு பதிப்பர். தோல் பதனிடுதலுக்குப் பேர்போன இந்நகரில் கடுக்காயை அறியாதார் சிலரே. தோலைப் பதப்படுத்தும் அதன் துவர்ப்பே இங்குச் சாந்துக்கும் துணையாகின்றது. வெல்லத்தின் சர்க்கரை சுண்ணாம்பை நீரில் மிகுதியாய்க் கரையச் செய்யும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெதுவாய் இறுகுவதால், சிறு வெடிப்புகள் தாமே அடைபடுதலும் உண்டு. வீடும் குளிர்ச்சியாயிருக்கும். ஆயினும் இதன் பாரம் மிகுதி. தட்டுவதற்குப் பொறுமையுள்ள ஆட்கள் இக்காலத்தில் கிடைப்பதரிது.

மாடி முன்றில் போன்ற சிறு திறந்த தளங்களுக்கு இப்பொழுது வேறொரு வழியுண்டு. கண்ணாடியை உருக்கி இழுத்த நாரை விரிப்பாக்கி, பாலியெஸ்டர் பிசினில் தோய்த்துப் பரப்பும் ஃபைபர்கிளாஸ் முறையே அது. படகுகளும் நீர்த்தொட்டிகளும் இதனாற் செய்யப்படுவதை நாம் அறிவோம். இணைப்பற்ற ஒரே தோலாக இது தளத்தைப் போர்த்திக்கொள்ளும். தளம் முற்றும் உலர்ந்திருத்தல் முதல் நிபந்தனை. மாலையில் பாலித்தீன் தாளொன்றைத் தளத்தின்மேல் விரித்து ஓரங்களை ஒட்டிவைத்து, மறுநாட் காலையில் எடுத்துப் பார்க்க வேண்டும். அடியில் நீர்த்துளி காணுமாயின் பொறுத்திருத்தலே நலம். இல்லையேல் ஈரம் ஆவியாகிப் படலத்தைக் கொப்புளமாய் எழுப்பிவிடும். ஆகவே மாசி பங்குனியே தக்க காலம். வெடிப்புகளை நெகிழும் பொருளால் அடைத்து, சிமெண்டின் காரம் நாரை அரியாதபடி முதற்பூச்சு ஒன்று பூசி, அதன்பின் விரிப்பை இரு படலமாக இடுவர். காற்றுக் குமிழிகளை இரும்பு உருளையால் நீக்குவர். நண்பகலில் பிசின் விரைவில் உறைந்துவிடுமாதலின், அதிகாலையிலேயே வேலையை முடித்தல் வேண்டும். பிசினின் நெடியும் அதனை உறையச் செய்யும் மருந்தும் தீங்கானவை. மருந்து கண்ணிற் பட்டால் பார்வைக்கே கேடு. வேலையாளுக்குக் கண்ணாடியும் கையுறையும் முகமூடியும் அளியாமல் வேலை வாங்குதல் நியாயமன்று. இறுதியில் வெயிலைத் தாங்கும் மேற்பூச்சும், வழுக்காதிருக்கச் சிறிது மணலும் வேண்டும். பழைய சுண்ணாம்பு மெத்தையின்மேல் மட்டும் இதனை ஒட்டலாகாது. அதன் ஈரம் மேலே உலர வழியின்றிக் கீழுள்ள மரங்களை உளுக்கச் செய்யும்; அதற்குச் சுண்ணாம்பே மருந்து.

புதுவீடு கட்டுவோன் மெத்தைக்குக் கைப்பிடிச் சுவர் கட்டவேண்டுமென்று உபாகமத்தில் மோசே விதித்தது, எவரும் தவறி விழாதிருத்தற் பொருட்டே. ஆனால் அச்சுவர் தளத்தோடு கூடும் மூலையிலேதான் ஒழுக்குப் பெரும்பாலும் பிறக்கின்றது! எம்முறையாயினும் அம்மூலையைச் சாந்தினால் வளைவாக்கி, படலத்தைச் சுவரின்மேல் அரையடியேனும் ஏற்றி முடித்தல் வேண்டும். வாட்டமும் அவ்வாறே இன்றியமையாதது: ஐந்தடிக்கு ஓரங்குலம் தூம்பை நோக்கிச் சரிவிருப்பின் நீர் தங்காது.

வேலை முடிந்து சில நாள் சென்றபின், தூம்பின் வாயைத் துணியால் அடைத்து இரண்டங்குல நீரை ஒரு பகலும் ஓர் இரவும் நிறுத்தி, கீழே சென்று விட்டத்தை அண்ணாந்து பார்க்கவேண்டும். கொத்தனாருக்குக் கடைசிக் கூலியை அதன்பின் கொடுக்கலாம்.