கையகலத் துணியில் ஒரு பெயர்

வெள்ளைத் துணியில் நூலால் தைத்த ஒரு முயல்குட்டி. அதற்கு ஒரு நீல ரிப்பன். பார்ப்பவருக்கு அது குழந்தையின் அறையில் மாட்டிவைக்கத் தைத்த பூவேலை போலத் தோன்றும். 1942-ல் சிங்கப்பூரின் சாங்கி சிறைக்குள் உட்கார்ந்து அதைத் தைத்த பெண்ணுக்கோ அதுதான் கணவனுக்கு எழுத முடியாமல் போன கடிதம். குழந்தை பிறந்துவிட்டது, ஆண் குழந்தை என்பதுதான் செய்தி. நீலம் ஐரோப்பியர் வழக்கத்தில் ஆண்பிள்ளைக்குரிய நிறம். காவலர்களின் கண்ணில் அது வெறும் முயல். அந்தத் துணிச் சதுரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் இந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

அதைப் போன்ற 66 சதுரங்களைச் சேர்த்து மூட்டியது ஒரு போர்வை. அப்படி மூன்று போர்வைகள். கையில் எதுவுமே இல்லாதவர்கள், தங்களைவிட மோசமாக இருப்பவர்களுக்காகச் செய்த அன்பளிப்பு எது என்று யாராவது கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சாங்கியின் இந்தப் போர்வைகள்தான்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானிடம் சரணடைந்தது. படைவீரர்கள் போர்க்கைதிகளானார்கள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுக் குடிமக்களும் எதிரி நாட்டவர் என்ற கணக்கில் அடைக்கப்பட்டார்கள். மார்ச் 8 அன்று கடற்கரைப் பகுதியான காத்தோங்கிலிருந்து பெண்களையும் குழந்தைகளையும் சாங்கி சிறைக்கு நடத்திக் கூட்டிப் போனார்கள். கொளுத்தும் வெயிலில் பல மைல் நடை. அந்தச் சிறை 1936-ல் சுமார் 600 கைதிகளுக்கென்று திறக்கப்பட்ட கட்டடம். அதற்குள் 2,400 பேர் அளவுக்குத் திணிக்கப்பட்டார்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் சுமார் 400 பேர். அவர்கள் ஒரு பக்கம், குடிமக்களான ஆண்கள் மறு பக்கம், படைவீரர்கள் சற்றுத் தள்ளியிருந்த செலராங் முதலிய படைமுகாம்களில். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் கணவன் இருந்தாலும் அவனோடு பேசவோ அவனுக்கு எழுதவோ கூடாது. அவன் உயிரோடு இருக்கிறானா என்று அவளுக்குத் தெரியாது. அவள் பிழைத்தாளா என்று அவனுக்கும் தெரியாது.

பசி ஒரு வேதனை என்றால், இந்தத் தெரியாமை அதைவிடப் பெரிய வேதனை.

அங்கே எதெல் முல்வேனி என்று ஒரு கனடாக்காரர் இருந்தார். பிரிட்டிஷ் இராணுவ மருத்துவர் ஒருவரின் மனைவி. முகாமில் செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பில் பொறுப்பேற்று நின்றவர். துணிச்சலும் பிடிவாதமும் உள்ள பெண். மருத்துவமனையில் கிடக்கும் காயம்பட்ட வீரர்களுக்கு ஒட்டுத்துணிப் போர்வைகள் தைத்து அனுப்பலாம் என்று முகாம் அதிகாரிகளிடம் அனுமதி கேட்டது அவர்தான். காயம்பட்டவனுக்குப் போர்வை என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆளுக்கு ஒரு சதுரத் துணி கொடுத்தார். அதில் உங்களைப் பற்றி ஏதாவது ஒன்றைத் தைத்துப் பெயரையும் போடுங்கள் என்றார். அவர் கேட்டது அவ்வளவுதான்.

அந்தப் பெயரில்தான் எல்லாமே இருந்தது. ஒரு மனைவியின் கையெழுத்து நூலாக மாறி மருத்துவமனைக் கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கே படுத்திருப்பவன் அதை வாசிப்பான். அவன் வாயிலிருந்து அடுத்தவனுக்குப் போகும், அடுத்தவன் முகாமுக்குள் கொண்டுபோவான். "உன் மனைவி பெயரைப் போர்வையில் பார்த்தேன்" என்று யாரோ ஒருவன் சொன்னால் போதும், பல மாத இருட்டு விலகிவிடும். மாவு மூட்டைத் துணியிலும் படுக்கை விரிப்பிலும் ஓடிய அந்த நூல், தபால் நிலையம் செய்ய முடியாத வேலையைச் செய்தது.

என்னென்ன தைத்தார்கள் என்று பாருங்கள். ஸ்காட்லாந்துக்காரி தன் நாட்டு முட்பூவைத் தைத்தாள். இங்கிலாந்துக்காரி ரோஜாவைத் தைத்தாள். ஒருத்தி ஊருக்குத் திரும்பும் கப்பலைத் தைத்தாள். இன்னொருத்தி எதையும் மறைக்காமல் தான் அடைபட்டிருந்த சிறை அறையையே தைத்தாள். ஷீலா ஆலன் என்ற பதினேழு வயதுப் பெண் ஆஸ்திரேலியாவின் வரைபடத்தையும் அதற்குள் ஒரு கங்காருவையும் தைத்தாள். சிறையில் அவள் எழுதிவந்த நாட்குறிப்பு பிற்காலத்தில் நூலாக வெளிவந்தது. எல்லோரும் தையல் கற்றவர்கள் அல்ல. பழகிய கை எது, அப்போதுதான் ஊசி பிடித்த கை எது என்பது சதுரத்துக்குச் சதுரம் தெரிகிறது. ஓரிடத்தில் காம்புத் தையல் நேர்க்கோடாக ஓடுகிறது. பக்கத்துச் சதுரத்தில் நூல் இழுத்துச் சுருங்கியிருக்கிறது. ஒன்றைக்கூட ஒதுக்கிவிடாமல் எல்லாவற்றையும் சேர்த்து மூட்டியிருக்கிறார்கள். எனக்கு அந்தச் சுருங்கிய சதுரங்கள்மேல்தான் பிரியம் அதிகம். தையல் வராத ஒருத்தி, தன் பெயர் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக விரலைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவற்றில் தெரிகிறது.

பிரிட்டிஷ் வீரர்களுக்கு ஒன்று, ஆஸ்திரேலிய வீரர்களுக்கு ஒன்று. மூன்றாவது, காயம்பட்ட ஜப்பானிய வீரர்களுக்கு.

இந்த மூன்றாவது போர்வையைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். அனுமதி வாங்குவதற்காகத்தான் அதையும் தைத்தார்கள், அதில் வேறு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். அனுமதி ஒரு காரணம்தான், அதை மறுக்க வேண்டியதில்லை. அந்தப் போர்வையில் தைத்தவர்களின் சொந்தக் கதைகள் இல்லை. பூக்களும் இயற்கைக் காட்சிகளும்தான் மிகுதி. மற்ற இரண்டில் இருக்கும் ஏக்கமும் குறும்பும் இதில் இல்லை. ஆனாலும் பின்பக்கத்தில் தைத்திருக்கும் வாசகத்தைப் பாருங்கள். சாங்கி முகாமின் பெண்கள் காயம்பட்ட வீரர்களுக்கு, அவர்கள் படும் துன்பத்துக்கு எங்கள் அனுதாபத்துடன் அளிப்பது என்று அது சொல்கிறது. ஆஸ்திரேலியப் போர்வையில் என்ன எழுதினார்களோ அதையேதான் ஜப்பானியப் போர்வையிலும் எழுதினார்கள், நாட்டின் பெயரை மட்டும் மாற்றி. தங்களைச் சிறைவைத்த படையின் வீரனும் காயம்பட்டால் அவனுக்கும் வலிக்கும் என்று ஒப்புக்கொள்ளும் வாக்கியம் அது. வெறும் தந்திரம் என்றால் இதைவிடக் குறைவாக எழுதியிருக்கலாம். அதற்கும் 66 சதுரங்களையும் முழுதாகத் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்த உழைப்பை நான் கருணை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அதே வாசகத்தில் இன்னும் இரண்டு வரிகள் உண்டு. போர் முடிந்தபின் இந்தப் போர்வையை அந்தந்த நாட்டின் செஞ்சிலுவைச் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பது ஒன்று. இந்தப் போர்வையை டிரை கிளீனிங் செய்வது நல்லது என்பது மற்றொன்று. குளிக்கத் தண்ணீருக்கே வரிசையில் நின்ற பெண்கள் எழுதியது இது. போர் முடியும், சலவைக் கடைகள் மறுபடி திறக்கும், யாரோ ஒருவர் இந்தத் துணியைக் கவனமாக எடுத்துக்கொண்டு போவார் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இருந்திருக்கவில்லை. சிங்கப்பூர் சரணடைந்த ஆண்டே அதை எழுதிவிட்டார்கள். விடுதலைக்கு இன்னும் மூன்று ஆண்டு இருந்தது.

இந்த மூன்றுக்கும் மூத்த போர்வை ஒன்று உண்டு. அதைத் தைத்தவர்கள் சிறுமிகள். சிறைக்குள்ளேயே சாரணியர் குழு ஒன்று அமைத்து, எட்டு வயது முதல் பதினாறு வயதுவரை இருபது பேர் அளவில் வாரம் ஒருமுறை முற்றத்தின் மூலையில் கூடினார்கள். அந்தக் குழுவை நடத்திய பெண்ணுக்குப் பிறந்தநாளுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். வாங்குவதற்குக் கடை ஏது? தங்கள் கிழிந்த கவுன்களிலிருந்து அறுகோணத் துண்டுகளை வெட்டி, பழைய உடைகளிலிருந்து உருவிய நூலால் ரகசியமாகத் தைத்தார்கள். சிலர் தங்கள் பெயரையும் போட்டார்கள். முல்வேனிக்குப் போர்வை யோசனை வந்ததே இதைப் பார்த்துத்தான் என்று சொல்லப்படுகிறது. பல உடல்களில் கிடந்து நைந்த பருத்தி அது. நம் வீடுகளிலும் பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் கிடத்த மாட்டார்கள். பாட்டியின் நூல்சேலையைத் துவைத்துக் கிழித்துத்தான் விரிப்பார்கள். உடுத்தி நைந்த துணிக்கு இருக்கும் மென்மை கடைத்துணிக்கு வராது. அந்தச் சிறுமிகளின் போர்வை இன்று லண்டனில், இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கொடுக்கல் ஒருபக்கமாக மட்டும் நடக்கவில்லை. 1942 கிறிஸ்துமஸுக்கு ஆஸ்திரேலியப் போர்க்கைதிகள் கிடைத்த மரத்துண்டையும் கந்தலையும் வைத்துப் பொம்மைகள் செய்து, சிறையில் இருந்த குழந்தைகளுக்கு அனுப்பினார்கள். தங்கள் பிள்ளைகள் எந்த நாட்டில் எப்படி இருக்கிறார்களோ என்று தவித்த தகப்பன்மார் செய்த பொம்மைகள்.

ஒரு தமிழன் இந்தக் கதையை இதோடு நிறுத்திவிட முடியாது. சாங்கியிலிருந்த போர்க்கைதிகள் பலரை அதே ஆண்டும் அடுத்த ஆண்டும் சயாம்–பர்மா ரயில் பாதை போட அழைத்துச் சென்றார்கள். 415 கிலோமீட்டர் பாதை. 60,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் அங்கே உழைத்தார்கள். 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதே பாதைக்கு மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்களும் கொண்டுசெல்லப்பட்டார்கள். மாண்ட ஆசியத் தொழிலாளர்களின் தொகை போர்க்கைதிகளைவிடப் பல மடங்கு. தாய்லாந்தின் காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் வெள்ளைக்காரப் படைவீரனுக்குப் பெயர் பொறித்த கல் உண்டு. நம்மவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. தோட்டத்து லயத்தில் காத்திருந்த மனைவிக்குச் செய்தி சொல்ல எந்த வழியும் இருக்கவில்லை. அவளும் துணியும் ஊசியும் வைத்திருந்தவள்தான். சாங்கிப் போர்வைகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் நினைப்பு எனக்கு வந்துவிடுகிறது. போர்வைகளின் பெருமை அதனால் குறைவதில்லை. ஒரு பெயர் போய்ச் சேர்வது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது, அது போய்ச் சேராத வீடுகளை நினைத்தால்தான் முழுதாகப் புரிகிறது.

ஆஸ்திரேலியப் போர்வையும் ஜப்பானியப் போர்வையும் இன்று கான்பராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. பிரிட்டிஷ் போர்வை பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம் இருக்கிறது.

எதெல் முல்வேனி மூன்றரை ஆண்டும் முகாம்களில் அடைபட்டிருந்தார். அங்கே அவருடைய மனநலம் மிகவும் பாதிக்கப்பட்டது. எலும்பும் தோலுமாகக் கனடா திரும்பினார். அவர் கொண்டுவந்ததில் சில கணக்கேட்டு நோட்டுகள் இருந்தன. பசி தாங்காதபோது பெண்கள் கூடி உட்கார்ந்து, இல்லாத விருந்தைப் பரிமாறுவதுபோல ஆளுக்கொரு சமையல் குறிப்பைச் சொல்வார்கள். முட்டை இத்தனை, வெண்ணெய் இவ்வளவு, அடுப்பை எப்போது தணிப்பது என்றெல்லாம் விவரமாகச் சொல்லும்போது வாயில் எச்சில் ஊறும், கொஞ்ச நேரம் வயிறு மறந்துபோகும். அந்தக் குறிப்புகளைத்தான் அவர் நோட்டுகளில் எழுதிவைத்திருந்தார். டொரான்டோவில் ஓர் அச்சகத்தைப் பிடித்து அவற்றைப் புத்தகமாக்கி விற்றார். சேர்ந்த தொகை சுமார் 18,000 டாலர். அதில் ஆரஞ்சுப் பழமும் தேயிலையும் சிகரெட்டும் வாங்கி, இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் இன்னும் எழுந்திருக்க முடியாமல் கிடந்த முன்னாள் போர்க்கைதிகளுக்கு அனுப்பினார்.