தெரியுமா? ஒரு மர பெஞ்சுக்குள் இத்தனை அதிசயம்!

நாலு கால், சில பலகை, ஒரு பிடி ஸ்க்ரூ. வேப்பமரத்தடியில் போட ஒரு பெஞ்சு. வீட்டிலேயே செய்துவிடலாம். இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? ரம்பத்தைக் கையில் எடுக்கும் முன் இதையெல்லாம் கேளுங்கள்!

அப்போதுதான் வெட்டிய மரத்துக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கும், தெரியுமா? சில மரங்களில், உலர்ந்த கட்டையின் எடையைவிடத் தண்ணீரின் எடை அதிகம்! நிழலில் அடுக்கிக் காயவைத்தால் 1 அங்குலக் கனத்துக்கு 1 வருஷம் என்பது தச்சர்களின் பழைய கணக்கு. 2 அங்குலப் பலகையா? 2 வருஷம் காத்திருக்க வேண்டும்! மர டிப்போவில் விலையைக் கேட்கும் முன்பே "நல்லா காஞ்ச மரமா?" என்று கேட்பது இதற்காகத்தான்.

காயும்போது மரம் சுருங்கும். ஆனால் எந்தப் பக்கமாக? பச்சையாக இருக்கும்போது 5 அடி நீளம், 1 அடி அகலமாக அறுத்த பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். முழுக்கக் காய்ந்தபின் நீளத்தில் குறைவது 3 மில்லிமீட்டர்கூடத் தேறாது. அகலத்திலோ 15 மில்லிமீட்டருக்கு மேலும் போய்விடும்! நீளம் அசையாது, அகலம் அடங்காது!

காய்ந்த பிறகாவது சும்மா இருக்குமா? இருக்காது! ஐப்பசி மழையில் உப்பும், சித்திரை வெயிலில் ஒடுங்கும். உட்காரும் இடத்துக்கு ஒரே அகலப் பலகையைப் போட்டு நாலு பக்கமும் இறுக்கினால் வெடித்துவிடும். குறுகலான சட்டங்களை 6 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப் பதித்துப் பாருங்கள். தண்ணீரும் வடியும், உப்புவதற்கும் இடம் கிடைக்கும்!

எகிப்தில் கூஃபு மன்னனின் பிரமிடு அருகே 1954-இல் ஒரு கப்பல் கிடைத்ததே, தெரியுமா? வயது சுமார் 4,500 ஆண்டு! நீளம் 43 மீட்டருக்கு மேல்! 1,224 துண்டுகள்! கயிற்றால் தைத்த கப்பல். மரம் எப்படித் தப்பியது? கல் மூடிய குழிக்குள் ஈரம் எட்டவில்லை. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே நின்றால், அதை அரிக்கும் பூஞ்சையால் வாழவே முடியாது!

இதற்கு நேர் எதிராக ஒன்று சொல்லட்டுமா? ஜெர்மனியில் லைப்சிக் நகருக்கு அருகே ஓக் மரத்தால் கட்டிய கிணறுகள் கிடைத்திருக்கின்றன. வயது 7,000 ஆண்டுக்கும் மேல்! அவை தப்பியது ஈரத்தில் ஊறிக் கிடந்ததால்! காற்று புகாத ஈரத்திலும் பூஞ்சைக்கு வழியில்லை. அந்தக் கிணறுகளில், ஒரு கட்டையின் துளைக்குள் இன்னொரு கட்டையின் கழுந்தை இறக்கும் இணைப்பு இருக்கிறது. உலோகமே வராத காலம், கையில் இருந்தது கல் கருவி! இன்று நம் பெஞ்சின் காலையும் சட்டத்தையும் பூட்டுவதும் அதே இணைப்புதான்!

முழுக்கக் காய்ந்தாலும் தப்பும், முழுக்க மூழ்கினாலும் தப்பும். அப்படியானால் எங்கே ஆபத்து? நனைந்து, காய்ந்து, மறுபடி நனைகிற இடத்தில்! தோட்டத்து பெஞ்சு நிற்பது சரியாக அங்கேதான்.

அதனால்தான் தேக்கு! தன் எண்ணெயாலேயே தண்ணீரையும் கரையானையும் தள்ளி நிறுத்தும் மரம். பிரிட்டிஷ் கடற்படைக்காக 1817-இல் பம்பாயில் மலபார்த் தேக்கால் ஒரு போர்க்கப்பல் கட்டினார்கள். பெயர் என்ன தெரியுமா? 'டிரின்கோமலி', நம் திருகோணமலை! 200 ஆண்டு தாண்டியும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது! உடைபட்ட போர்க்கப்பல்களின் தேக்கு என்ன ஆயிற்று? லண்டனில் காசில்ஸ் என்ற நிறுவனம் அதில் தோட்டத்து பெஞ்சுகள் செய்து விற்றது! பீரங்கி சுமந்த மரத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறார்கள்!

அளக்கும் டேப்பின் முனைக் கொக்கி லொடலொடவென்று ஆடுகிறதா? கெட்டுப்போய்விட்டது என்று தட்டி இறுக்கிவிடாதீர்கள்! வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். கொக்கியின் தகடு எவ்வளவு கனமோ, அவ்வளவுதான் ஆடும். முனையில் மாட்டி இழுத்தாலும், சுவரில் முட்டி அளந்தாலும் கணக்கு சரியாக வரும்!

சட்டம் நேர்மூலையாக இருக்கிறதா என்று பார்க்க மூலைமட்டம் இல்லையா? எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருக்கட்டும், மூலைக்கு மூலை குறுக்கே இரண்டையும் அளங்கள். இரண்டும் ஒன்றென்றால் முடிந்தது வேலை!

இது என்னை மலைக்க வைத்த கணக்கு: பலகையின் கனத்தை இரட்டிப்பாக்கினால் அதன் விறைப்பு எத்தனை மடங்கு கூடும்? 2 அல்ல, 4 அல்ல, 8 மடங்கு! 1 அங்குலத்தை ஒன்றரை ஆக்கினாலே மூன்று மடங்குக்கு மேல்! கூடுதல் அரை அங்குலத்துக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. கால்களுக்கு இடையே உள்ள தூரத்தைப் பாதியாக்கினாலும் அப்படித்தான். அதே பாரத்துக்குத் தொய்வு எட்டில் ஒரு பங்கு!

சாதா இரும்பு ஆணியைச் சுற்றி மரம் ஏன் கறுக்கிறது? மரத்தின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுப்பு மை! கடுக்காயில் தோய்த்த கலம்காரித் துணியில் இரும்புக் கரைசல் தொட்டதும் கறுப்புக் கோடு பிறக்கிறதே, அதே வித்தைதான்! துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூ போட்டால் கறை இல்லை.

இனி, ஓர் எச்சரிக்கை! ஆளிவிதை எண்ணெய் பூசித் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறிவீர்களா? அது தானாகவே தீப்பற்றும்! நெருப்புப் பொறி எதுவும் வேண்டாம், காற்றோடு சேரும்போது எழும் சூடே போதும்! 1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 38 மாடிக் கட்டடம் எரிந்ததற்குக் காரணம் இப்படிப்பட்ட துணிகள்தான்! தீயணைப்பு வீரர்கள் மூவர் உயிரிழந்தார்கள். துணியை வெளியே விரித்துக் காயவிடுங்கள். அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். மறக்கவே கூடாது!

கடைசியாக, செய்து முடித்த பெஞ்சைத் தோட்டத்தில் போட்டதும் ஆடுகிறதா? காலைச் சீவ ரம்பத்தைத் தேடாதீர்கள்! நாலு காலும் ஒரே உயரமாக இருந்து, தரை மெல்ல ஏறி இறங்கினால், பெஞ்சை நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டு போனால் ஏதோ ஓர் இடத்தில் நாலு காலும் தரையைத் தொட்டே தீரும்! கணித அறிஞர்கள் நிரூபித்தே காட்டியிருக்கிறார்கள்! அந்த இடம் கிடைத்ததும் ஒவ்வொரு காலுக்கடியிலும் ஓர் ஓட்டுத் துண்டைச் செருகுங்கள். குறுக்கே அறுத்த முனைதான் தண்ணீரை அதிகம் உறிஞ்சும். காலின் அடிப்பக்கம் முழுக்க அந்த முனைதானே!