‘குழந்தைக்கு இலவசம்’: அந்தப் பேக்கேஜில் குழந்தைக்கு என்ன இருக்கிறது?

முழு ஆண்டுத் தேர்வு முடிவதற்குள் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்து டிராவல்ஸ் கடைகளின் கண்ணாடியில் புது ஸ்டிக்கர்கள் ஏறிவிடும். சிங்கப்பூர்–மலேசியா 6 நாள், துபாய் 5 நாள், பாலி, பாங்காக். விமான நிலையமும் பக்கம்தான். மின்சார ரயிலில் திரிசூலத்தில் இறங்கினால் எதிரே டெர்மினல். ஊட்டிச் செலவோடு இன்னும் கொஞ்சம் போட்டால் வெளிநாடு என்ற கணக்கு நடுத்தரக் குடும்பங்களுக்குப் பழகிவிட்டது. ஸ்டிக்கரின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: “5 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இலவசம்.”

நிறைய குடும்பங்கள் ஏமாறுவது அந்த வரியில்தான். பணம் வாங்காத ஆளின் பெயர் பெரும்பாலும் பில்லில் இருக்காது. பில்லில் பெயர் இல்லாத பிள்ளைக்கு அங்கே போய் எதைக் கேட்டாலும் “அது பேக்கேஜ்ல இல்ல சார்” என்பதுதான் பதில்.

கொட்டேஷன் தாளைக் கையில் வாங்கிப் பாருங்கள். பெரியவர்களுக்கு ‘ட்வின் ஷேரிங்’ என்று ஒரு விலை. அதன் கீழே சி.டபிள்யூ.பி., சி.என்.பி. என்று இரண்டு வரிகள். முன்னது ‘சைல்டு வித் பெட்’, பின்னது ‘சைல்டு நோ பெட்’. படுக்கை கிடையாது என்பது பெயரிலேயே தெரிந்துவிடும். தெரியாமல் போவது மற்றவைதான். பல ஓட்டல்களில் ‘நோ பெட்’ குழந்தைக்குக் காலை உணவு சேராது. வவுச்சரில் இரண்டு பெரியவர் என்று மட்டும் இருந்தால் சாப்பாட்டு அறை வாசலிலேயே கூடுதல் பணம் கேட்பார்கள். சுற்றிக் காட்டும் வேனில் குழந்தைக்குத் தனி இருக்கையா, அம்மா மடியா என்பதும் அந்தத் தாளில் இருக்காது. கடைக்காரர் 5 வயது வரை இலவசம் என்பார். சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டுடியோஸ் வாசலிலோ 4 வயது ஆனாலே டிக்கெட். படுக்கை, காலை உணவு, வேன் இருக்கை, நுழைவுக் கட்டணம் ஆகிய நான்கும் குழந்தைக்கு உண்டா இல்லையா என்று அதன் பெயர் போட்டு எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும், அழிக்காமல் வைத்திருந்தால். “அதெல்லாம் பாத்துக்கலாம் மேடம்” என்பதை வைத்துக்கொண்டு எந்த நுகர்வோர் ஆணையத்திலும் நிற்க முடியாது.

சட்டம் இந்த ‘இலவச’த்தை அவ்வளவாக மதிப்பதில்லை. பணம் கொடுத்தவர் மட்டுமல்ல, அவர் சம்மதத்தோடு சேவையின் பயனைப் பெறுபவரும் நுகர்வோரே என்கிறது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பழைய சட்டத்திலும் அப்படித்தான். ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கில், சிகிச்சை பெற்ற குழந்தையும் நுகர்வோர், கூட்டி வந்த பெற்றோரும் நுகர்வோர் என்று 1998இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது ஆஸ்பத்திரி வழக்கு. ஆனால் சுற்றுலாப் பேக்கேஜுக்கும் அதே விளக்கத்தை வைத்து வாதாடலாம்.

அடுத்தது பெயர். இதில் தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம் அதிகமாகவே மாட்டிக்கொள்கின்றன. நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. குழந்தையின் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டாலும் பாஸ்போர்ட் வந்துவிடும். ஆனால் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாவது பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்பதாகப் பிறகு தளர்த்தியது. கவுன்டரில் நிற்கும் ஊழியருக்கு அந்தத் தளர்வு ஞாபகம் இருக்க வேண்டுமே! தாம்பரம் பாஸ்போர்ட் சேவா கேந்திராவுக்குப் போகும்போதே அப்பா அல்லது அம்மா பெயரை அந்தக் கட்டத்தில் நிரப்பிவிடுவது நிம்மதி.

2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தையின் பாஸ்போர்ட்டுக்குப் பிறந்த தேதிச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே செல்லும். மாநகராட்சியில் வாங்கிய சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பெயர்க் கட்டம் காலியாக இருக்கலாம், ஏனென்றால் பெயர் சூட்டுவதற்கு முன்பே பலர் சான்றிதழை வாங்கிவிடுகிறார்கள். முதல் ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். சிறுவர் பாஸ்போர்ட் பொதுவாக 5 ஆண்டுதான் செல்லும். பெற்றோருடையது போல 10 ஆண்டு என்று நினைத்து விமான நிலையம்வரை வந்துவிடுகிறவர்கள் உண்டு. திரும்பும் தேதிக்கு அப்புறம் 6 மாதம் மிச்சமிருக்கிறதா என்று பார்த்த பிறகு டிக்கெட் போடுங்கள்.

விமானத்தில் குழந்தைக்கு உள்ள உரிமை ஒன்று பலருக்குத் தெரியாது. ஒரே பி.என்.ஆரில் பயணம் செய்யும் 12 வயது வரையிலான குழந்தைக்குப் பெற்றோரில் அல்லது பாதுகாவலரில் ஒருவர் பக்கத்திலேயே இருக்கை ஒதுக்க வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. 2024 ஏப்ரலில் விமான நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. டிக்கெட்டைத் தனித்தனி பி.என்.ஆரில் போட்டுவிட்டு இதைக் கேட்க முடியாது. ஏஜென்ட் விலைக்காகப் பிரித்துப் போடுவதுண்டு. ஒரே எண்ணா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2 வயது ஆகாத குழந்தை மடியில் போகலாம். பயணத்தின் நடுவே இரண்டாவது பிறந்தநாள் வந்தால் திரும்பும் விமானத்தில் தனி இருக்கை வாங்கியாக வேண்டும். கேக் வெட்டிய மறுநாள் விமான நிலையத்தில் புது டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவதைவிட முன்பே கணக்குப் போடுவது மலிவு.

பெட்டி கட்டும்போது பாட்டியின் கையைக் கொஞ்சம் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. துபாயில் இருக்கும் மகள் வீட்டுக்கு மசாலாப் பொடியோடு கால் கிலோ கசகசாவும் போகும். அமீரகத்திலும் சவூதியிலும் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். போதைப்பொருள் சட்டம் அதைச் சமையல் பொருளாகப் பார்ப்பதில்லை. குழந்தைக்கு இருமல் என்று எடுத்துப் போகும் சிரப்பில் கோடீன் இருந்தால் அங்கே முன் அனுமதி வேண்டும். சிங்கப்பூரிலும் கோடீன் மருந்துக்குக் கட்டுப்பாடு உண்டு. மருந்தை அட்டைப்பெட்டியோடு, குழந்தையின் பெயர் எழுதிய டாக்டர் சீட்டோடு வையுங்கள். கென்யா பக்கம் சஃபாரி போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்னதாகப் போட்டிருக்க வேண்டும். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இந்தியாவில் தனிமைப்படுத்தி வைக்கலாம். 6 மாதம் ஆகாத கைக்குழந்தைக்குத்தான் இதில் விதிவிலக்கு, மற்றப் பிள்ளைகளுக்காகக் கெஞ்சிப் பயனில்லை.

பயணக் காப்பீட்டுக்கு வருவோம். ‘இலவச’க் குழந்தைக்கு இது பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் விண்ணப்பத்தை நிரப்பியவர் ஏஜென்ட். ஏற்கெனவே நோய் உண்டா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று அவரே டிக் அடித்திருப்பார். நம் பக்கத்துப் பிள்ளைகளில் வீசிங் இல்லாத வீடு குறைவு. குளிர் ஊரில் போய் மூச்சிரைத்து, இரவில் எமர்ஜென்சிக்கு ஓடி, திரும்பி வந்து பில்லை நீட்டினால், “முன்பே இருந்த நோயை மறைத்தீர்கள்” என்ற கடிதம் வரும். நெபுலைசர் வைத்ததை, இன்ஹேலர் எடுப்பதை விண்ணப்பத்தில் எழுதுங்கள். பிரீமியம் கூடலாம், அந்த நோய்க்கு மட்டும் விலக்கு வரலாம். ஆனால் மொத்தக் கோரிக்கையும் தள்ளுபடியாகும் அபாயம் குறையும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே பாலிசியில் உள்ள உதவி எண்ணுக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.

இனி வருவது பலருக்குக் கசக்கும். மாலில் தரையில் புரண்டு அழும் பிள்ளையின் முதுகில் ஒன்று வைப்பது நமக்குச் சாதாரணம். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று அதற்குப் பழமொழியும் வைத்திருக்கிறோம். ஸ்வீடன் 1979இலும், ஜெர்மனி 2000இலும், நியூசிலாந்து 2007இலும் பெற்றோர் அடிப்பதையே சட்டத்தால் விலக்கிவிட்டன. பார்த்தவர் போலீஸுக்குப் போன் செய்தால் அவரை வம்புக்காரர் என்று அங்கே யாரும் நினைக்க மாட்டார்கள். பிள்ளைகளை ஓட்டல் அறையில் தூங்க வைத்துவிட்டுக் கீழே ஷாப்பிங் போவதும், காரில் உட்கார வைத்துவிட்டுக் கடைக்குள் ஓடுவதும் அப்படித்தான். குழந்தையைக் காரில் தனியாக விடுவது அமெரிக்காவின் பல மாநிலங்களில் குற்றம்.

நார்வேயின் ஸ்டாவாங்கரில் வேலை நிமித்தம் வசித்த இந்தியத் தம்பதியின் இரண்டு குழந்தைகளை 2011 மே மாதம் அந்நாட்டுக் குழந்தைகள் நலத் துறை எடுத்துக்கொண்டது. கையால் ஊட்டியதும், ஒரே படுக்கையில் படுக்க வைத்ததும் குறையாகச் சொல்லப்பட்டன என்றார்கள் பெற்றோர். இரு அரசுகள் பேசி, குழந்தைகள் தந்தையின் சகோதரரிடம் ஒப்படைக்கப்பட்டு இந்தியா வந்தது 2012 ஏப்ரலில். அவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்லர். ஆனால் அங்குள்ள சட்டம் ஆறு நாள் விருந்தாளிக்கும் அதேதான். அதிகாரிகள் குழந்தையை விசாரித்தால் கத்தாதீர்கள், புரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும், இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேளுங்கள். வெளிநாட்டுக் குழந்தைக்குப் பாதுகாவலரை நியமிக்கும் நிலை வந்தால் அந்தக் குழந்தையின் நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்கிறது தூதரக உறவுகள் குறித்த 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை, பிரிவு 37. சரி, சட்டத்தை விடுங்கள்; முதுகில் அடி வாங்கிய பிள்ளைக்கு ஊர் வேளச்சேரியா வெலிங்டனா என்பதில் என்ன வித்தியாசம்?

குழந்தைக்கு அத்துமீறல் நடப்பது அந்நியரால் மட்டுமல்ல. குழுச் சுற்றுலாவில் கூட வந்தவராலும் நடக்கலாம். அவர் இந்தியக் குடிமகன் என்றால், குற்றம் எந்த நாட்டில் நடந்தாலும் பாரதிய நியாய சன்ஹிதா அவருக்குப் பொருந்தும். ஊர் திரும்பி எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. நீதிமன்ற விசாரணைக்கு மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். போலீஸ் புலனாய்வைத் தொடங்க அது தடையில்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலும் சொல்லலாம்.

அப்பா, அம்மா இருவரில் ஒருவர் மட்டும் பிள்ளையோடு போவது தாம்பரத்தில் இப்போது சகஜம். மற்றவரின் சம்மதக் கடிதத்தை நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அமெரிக்காவும் கனடாவும் அதைப் பரிந்துரைக்கின்றன. இருவருக்கும் பிணக்கு இருந்தால் விஷயமே வேறு. அமெரிக்காவில் பிறந்த ஒரு சிறுவனை 2007 ஜூனில் தாய் இந்தியாவுக்கு அழைத்து வந்தார். தந்தை உச்ச நீதிமன்றம் போனார். சி.பி.ஐ. தேடிச் சென்னையில் கண்டுபிடித்தது 2009 அக்டோபரில். அடுத்த மாதமே பையனை அமெரிக்காவுக்குத் திரும்ப அனுப்ப உத்தரவு வந்தது. வி.ரவிச்சந்திரன் வழக்கு என்று வக்கீல்கள் இன்றும் எடுத்துக்காட்டுவது இதைத்தான். குழந்தைக் கடத்தல் குறித்த 1980 ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அதனால் அங்கேயோ இங்கேயோ பிள்ளையைத் திருப்பி அனுப்ப மறுத்தால், ஒப்பந்த வழியில் விரைவாக மீட்க வழியில்லை. ஆட்கொணர்வு மனு, காப்பு உரிமை வழக்கு என்று நீதிமன்றங்களில்தான் ஆண்டுகள் போகும். பிள்ளை எந்தத் தேதியில் திரும்ப வேண்டும் என்பதை இருவரும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட் தொலைந்தால் உள்ளூர்ப் போலீஸில் புகார் கொடுத்துவிட்டுத் தூதரகம் போக வேண்டும். இந்தியா திரும்ப மட்டும் செல்லும் அவசரச் சான்றிதழ் தருவார்கள். பிள்ளை தொலைந்தால்? நம் பிள்ளைகளுக்கு அம்மாவின் 10 இலக்க எண் மனப்பாடம்; முன்னால் +91 சேர்க்கத் தெரியாது. அங்கே யாரும் அந்த எண்ணை அழைக்க முடியாது. கையில் ஒரு பட்டை கட்டி முழு எண்ணை எழுதிவிடுங்கள்.

ஊருக்கு வந்தபிறகு புகார் கொடுப்பதில் தேதிகள் முக்கியம். பெட்டி வரவில்லை என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் பி.ஐ.ஆர். என்ற அறிக்கை வாங்க வேண்டும். மாண்ட்ரீல் உடன்படிக்கைப்படி பெட்டி உடைந்திருந்தால் கையில் வந்த 7 நாளுக்குள், தாமதமாக வந்திருந்தால் 21 நாளுக்குள் விமான நிறுவனத்துக்கு எழுத வேண்டும். ரத்தான டிக்கெட்டின் பணத்துக்கு ஏஜென்ட் மேல் விமான நிறுவனமும் விமான நிறுவனத்தின் மேல் ஏஜென்டும் கை காட்டுவார்கள். ஏஜென்ட் வழியாக வாங்கினாலும் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது என்கிறது டி.ஜி.சி.ஏ. விதி, ஏர்சேவா தளத்தில் புகார் பதியலாம்.

டூர் ஏஜென்ட் விஷயத்தில் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணிந்து வரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். தாம்பரத்தில் குடியிருப்பவர் செங்கல்பட்டு ஆணையத்தில் தாக்கல் செய்யலாம். ஏஜென்ட்டின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போட 2019 சட்டம் இடம் தருகிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. கெடு 2 ஆண்டு. கடையையே பூட்டிக்கொண்டு ஓடிவிட்டால் அது மோசடி. தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்தில் புகார் கொடுங்கள், ஆன்லைனில் பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. காப்பீட்டு நிறுவனம் மறுத்தால் அவர்களிடமே எழுத்தில் முறையிட்டு, 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியில்லை என்றாலோ சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் ஓராண்டுக்குள் போகலாம், அங்கேயும் கட்டணமில்லை. எல்லாவற்றிலும் கொட்டேஷன், வவுச்சர், வாட்ஸ்அப் பேச்சு, பணம் போன ரசீது இவை நான்கையும் இணையுங்கள். மனுதாரர் பட்டியலில் குழந்தையின் பெயரை, பெற்றோரைப் பாதுகாவலராகக் காட்டி, தனியே சேர்க்கச் சொல்லுங்கள்.